ஜிஆர்இ கணக்கு 157-லேயே நிற்கிறது, ஏழு வாரத்தில் 165 தாண்ட வழி சொல்லுங்கள்

கேள்வி: டோல்கேட் வாசி

வணக்கம். மெக்கானிக்கல் முடித்து வேலையில் இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. எம்.எஸ். விண்ணப்பத்துக்கு ஜிஆர்இ எழுத இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. தேர்வை நடத்தும் ஈடிஎஸ் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வில் ஒன்றை எழுதிப் பார்த்தேன். கணக்கில் 157. எனக்கு 165-ஆவது வேண்டும்.

27 கேள்வியில் 10 போயிற்று. க்யூசி என்கிற ஒப்பீட்டுக் கேள்வியில் 5, வரைபடம் கொடுத்துக் கேட்பதில் 2, சதுரக் கட்டம் போட்டு பல விடை தேர்வு செய்யச் சொல்வதில் 1, நேரம் போதாமல் தொடாமலே விட்டது 2. மறுநாள் நேரம் பார்க்காமல் அதே பத்தையும் போட்டதில் 7 சரியாக வந்தது. இதுதான் புரியவில்லை. தெரிந்த கணக்கு எப்படித் தப்பாகிறது?

கோச்சிங் சேரும் எண்ணம் இல்லை. வாரநாளில் தினமும் ஒன்றேகால் மணி நேரம், ஞாயிறு நான்கு மணி நேரம் ஒதுக்க முடியும். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1: பகா எண் 2

பத்தில் ஏழு மறுநாள் வருகிறது என்றால் புதிதாகப் பாடம் படிக்கிற வேலை உங்களுக்குக் குறைவு. ஓட்டை இருப்பது கேள்வியை வாசிக்கிற இடத்தில். தமிழ் வழியில் படித்தவர்களுக்குக் கருத்து நன்றாகப் பதிந்திருக்கும். ஆனால் ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் அவசரத்தில் அது பக்கத்துத் தமிழ்ச் சொல்லோடு போய் ஒட்டிக்கொள்ளும். க்யூசியில் 5 போனதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்டிஜர் என்று பார்த்ததும் 'முழு எண்' என்று எடுத்துக்கொண்டு 0, 1, 2 என்று போட்டுப் பார்க்கிறீர்களா? அது நம் புத்தகத்தில் 'முழுக்கள்'. குறை எண்களும் சேர்த்தி. பாசிட்டிவ் என்றால் மிகை எண், அதில் பூச்சியம் கிடையாது. நான்-நெகட்டிவ் என்றால் பூச்சியமும் உள்ளே வந்துவிடும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே ஈடிஎஸ் கேள்வி போடும். பூச்சியம் இரட்டைப்படை எண், எல்லா முழுக்களுக்கும் அது மடங்கு. பிரைம் பகா எண்: 1 அதில் சேராது, இரட்டைப்படையில் 2 மட்டும்தான் சேரும். ஃபாக்டர் காரணி, மல்டிபிள் மடங்கு. இவை இரண்டும் தெரியாதவர் இல்லை, ஆனால் 40 வினாடியில் வாசிக்கும்போது மாற்றிப் படிப்பவர்கள் நிறைய. டிஸ்டிங்க்ட் என்று ஒரு சொல் வந்தால் அதன் கீழே கோடு போட்டது போல நினைத்துக்கொள்ளுங்கள்: எண்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும். அந்தச் சொல் இல்லையென்றால் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கலாம், அங்கேதான் பொறி.

அடுத்தது இன்க்ளூசிவ். 100 முதல் 200 வரை, இரண்டும் உட்பட, 6-இன் மடங்குகள் எத்தனை? முதல் மடங்கு 102, கடைசி 198. கழித்தால் 96, ஆறால் வகுத்தால் 16. இங்கேயே நிறுத்துபவர்கள் அதிகம். ஒன்று கூட்ட வேண்டும், 17. உங்கள் வழியிலேயே பார்த்தால், டோல்கேட்டில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினால் இடைவெளி 5, ஸ்டேஷன் 6 (டோல்கேட், புதுவண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி). கேட்பது இடைவெளியா, ஸ்டேஷனா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று: எக்ஸ் ஸ்கொயர் = 16 என்றால் எக்ஸ் 4 ஆகவும் இருக்கலாம், −4 ஆகவும் இருக்கலாம். ஆனால் √16 என்று எழுதியிருந்தால் அது 4 மட்டும்.

இப்போது க்யூசி. ஏ, பி என்று இரண்டு பக்கம் கொடுத்து எது பெரிது என்று கேட்பார்கள். இதில் விடைகள் எப்போதும் அதே நான்குதான்: ஏ பெரிது, பி பெரிது, சமம், தீர்மானிக்க முடியாது. வரிசையை மனப்பாடம் செய்துவிட்டால் ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் வெறும் எண்களாக இருந்தால் நான்காவது விடைக்கு வேலையே இல்லை, அதை உடனே அடித்துவிடலாம்.

எக்ஸ் போன்ற ஒரு மாறி இருந்தால் ஒரே ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு விடையை அழுத்துவதுதான் பெரிய தப்பு. மனசு முதலில் 2-ஐயோ 3-ஐயோதான் எடுக்கும். அதனால் −2, −1, −½, 0, ½, 1, 2 என்ற ஏழு எண்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை எதையெல்லாம் அனுமதிக்கிறதோ அதில் குணம் மாறுகிற இரண்டு, மூன்றை மட்டும் போட்டால் போதும். உதாரணம்: எக்ஸ் > 0, ஏ பக்கம் எக்ஸ் ஸ்கொயர், பி பக்கம் எக்ஸ். 2 போட்டால் ஏ பெரிது. 1 போட்டால் சமம். ½ போட்டால் ¼-உம் ½-உம், பி பெரிது. ஆக, நான்காவது விடை. முதல் எண்ணில் 'ஏ பெரிது' வந்தால் அடுத்த எண்ணை 'இதை எப்படி உடைப்பது' என்ற நோக்கத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு விடை வந்த கணமே நிறுத்திவிடலாம்.

மாறி இருந்தாலே நான்காவது விடை என்று ஒரு வதந்தி இருக்கிறது, நம்ப வேண்டாம். ஒரு பொருளின் விலையை 20% ஏற்றி, பிறகு 20% குறைக்கிறார்கள். ஏ பக்கம் கடைசி விலை, பி பக்கம் பழைய விலை. விலை சொல்லப்படவே இல்லை. ஆனாலும் 100 → 120 → 96. எந்த விலைக்கும் 96% தான், எப்போதும் பி பெரிது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பகுதி இருந்தால் கணக்கிடாதீர்கள், தள்ளிவிடுங்கள். 17 × 23 × 0.4-ஐயும் 17 × 23 × ⅜-ஐயும் ஒப்பிடச் சொன்னால் பார்க்க வேண்டியது 0.4-உம் 0.375-உம் மட்டுமே. கூட்டல், கழித்தல் எப்போது வேண்டுமானாலும் இரண்டு பக்கமும் செய்யலாம். பெருக்கல், வகுத்தல் மட்டும் அந்த எண் மிகை என்று உறுதியாகத் தெரிந்தால்தான். 3எக்ஸ் + 7, 2எக்ஸ் + 7 என்று கொடுத்தால் 3 பெரிது, அதனால் ஏ என்று கை போகும். இரண்டு பக்கமும் 2எக்ஸ் + 7-ஐக் கழித்தால் மிஞ்சுவது எக்ஸ், 0. எக்ஸின் குறி தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

ஒரு கணக்கு விடுகிறேன், போட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள். ஒரு மிகை முழுவை 12-ஆல் வகுத்தால் மீதி 7. ஏ: அதே எண்ணை 4-ஆல் வகுத்தால் வரும் மீதி. பி: அதே எண்ணை 8-ஆல் வகுத்தால் வரும் மீதி.

பதில் 2: கொருக்குப்பேட்டை கேட்

மேலே சொன்னது சரி. நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

2023 செப்டம்பரிலிருந்து தேர்வு சுருங்கிவிட்டது, பழைய வீடியோவில் சொல்லும் 20 கேள்வி 35 நிமிடக் கணக்கை மறந்துவிடுங்கள். இப்போது கணக்கில் முதல் பிரிவு 12 கேள்வி 21 நிமிடம், இரண்டாவது 15 கேள்வி 26 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒண்ணே முக்கால் நிமிடம் வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே பங்கிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். க்யூசியை ஒண்ணேகால் நிமிடத்துக்குள் முடித்து, மிச்சம் பிடித்ததை வரைபடக் கேள்விக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு பிரிவுக்குள் முன்னே பின்னே போய்வரலாம், குறியிட்டு வைக்கும் பட்டன் இருக்கிறது. எங்கள் ஊர் ரயில்வே கேட் கதைதான்: கேட் போட்டுவிட்டால் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கக் கூடாது, சுற்றிக்கொண்டு போய்விட வேண்டும். கேள்வியைப் படித்து 30 வினாடியில் முதல் அடி என்னவென்று தெரியவில்லையா, ஏதாவது ஒரு விடையை அழுத்தி, குறியிட்டு, நகருங்கள். விடையை அழுத்தாமல் நகராதீர்கள். தப்புக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது, அதனால் உங்கள் கணக்கில் அந்த 2 வெற்றுக் கேள்வி இருந்திருக்கவே கூடாது.

முதல் பிரிவில் 16-ஆவது நிமிடத்துக்குள் 12-ஐயும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும், இரண்டாவதில் 20-ஆவது நிமிடத்துக்குள் 15-ஐயும். மிச்ச நேரம் குறியிட்டவற்றுக்கு. இரண்டாம் சுற்றில் முதலில் எடுக்க வேண்டியது 'வழி தெரியும், வேலைதான் நீளம்' என்பதை. வழியே தெரியாததைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதல் பிரிவில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் இரண்டாவதன் கடினம் மாறும். அதில் கோட்டைவிட்டால் 165 தூரமாகிவிடும். எனவே முதல் பிரிவில் சுலபமாகத் தெரிகிற கேள்வியில் கவனக்குறைவு கூடாது. இரண்டாவது கஷ்டமாக இருந்தால் பதறவும் வேண்டாம், அது நல்ல சகுனம்தான்.

விடை வட்டத்தில் இருந்தால் ஒன்றுதான் சரி. சதுரத்தில் இருந்தால் ஒன்றோ பலவோ இருக்கலாம். பாதிச் சரிக்குப் பாதி மதிப்பெண் கிடையாது, எல்லாம் சரியாக இருந்தால்தான். அதனால் அதில் எல்லைகளை முதலில் கண்டுபிடியுங்கள்: மிகக் குறைந்த மதிப்பு எது, மிகப் பெரியது எது. இடையில் வருவதெல்லாம் விடை.

கால்குலேட்டர் பற்றியும் ஒரு வார்த்தை: திரையில் வருவது சாதாரண மேசைக் கால்குலேட்டர் மாதிரி. 2 + 3 × 4 என்று வரிசையாக அழுத்தினால் 20 என்று காட்டிவிடும், ஜாக்கிரதை.

பதில் 3: அடைப்புக்குறி

கேட் அண்ணா, கடைசிப் பத்தி தப்பு. ஜிஆர்இ கால்குலேட்டர் செயல் வரிசைப்படிதான் போடும், 2 + 3 × 4-க்கு 14 தான் காட்டும். அடைப்புக்குறிப் பட்டன்களும் இருக்கின்றன. மேசைக் கால்குலேட்டர் என்று நினைத்துக் கையால் வரிசை மாற்றினால்தான் குழப்பம்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு. வர்க்கமூலத்துக்கு எண்ணை அடித்துவிட்டுப் பிறகு √ அழுத்த வேண்டும். திரையில் 8 இலக்கம்தான், அதற்கு மேல் போனால் பிழை என்று காட்டும். அடுக்குக்குத் தனிப் பட்டன் இல்லை, எனவே 2-இன் அடுக்கு 30 போன்றது வந்தால் அது கால்குலேட்டருக்கான கேள்வியே இல்லை, அடுக்கு விதியை வைத்துச் சுருக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். விடையைக் கட்டத்தில் நேரடியாக எழுதும் கேள்வியில் கால்குலேட்டர் எண்ணை அப்படியே கொண்டுபோய்ப் போடும் பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்துவதற்கு முன் எத்தனை தசம இடம் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சதவீதம் கேட்டு கட்டத்துக்குப் பக்கத்தில் % போட்டிருந்தால் 12 என்று எழுத வேண்டும், 0.12 அல்ல. பின்னமாக எழுதச் சொன்னால் இரண்டு கட்டம் வரும், சுருக்க வேண்டிய அவசியமில்லை, 6/8 எழுதினாலும் சரிதான்.

பதில் 4: சங்கரா மீன்

எல்லோரும் க்யூசியையே பேசுகிறீர்கள். 160-க்கு மேலே போகவிடாமல் பிடித்து இழுப்பது பெரும்பாலும் புள்ளியியலும் நிகழ்தகவும்தான். பி.இ. படித்தவர்கள் வகைக்கெழு, தொகையீடு எல்லாம் போட்டுப் பழகியவர்கள், அது எதுவும் இங்கே வராது, முக்கோணவியலும் வராது. வருவது சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், வரைபடம். 'இதென்ன பத்தாம் வகுப்பு' என்று அலட்சியமாகத் தாண்டிப் போவதால்தான் அடி விழுகிறது.

எடையிட்ட சராசரி: காசிமேட்டில் வஞ்சிரம் கிலோ 900 ரூபாய்க்கு 3 கிலோ, சங்கரா 400 ரூபாய்க்கு 2 கிலோ வாங்கினால் சராசரி கிலோ விலை என்ன? 650 என்று சொன்னால் தப்பு. 2700 + 800 = 3500, ஐந்து கிலோ, 700. இதைத் திருப்பியும் கேட்பார்கள்: சராசரி 700, எந்த விகிதத்தில் வாங்கினார்? 900-க்கும் 700-க்கும் தூரம் 200. 400-க்கும் 700-க்கும் தூரம் 300. எடைகளின் விகிதம் இந்தத் தூரங்களின் தலைகீழ்: வஞ்சிரம் 3, சங்கரா 2. கலவை, வகுப்புச் சராசரி, ஆண் பெண் சதவீதம் எல்லாமே இந்த ஒரே வித்தைதான்.

வேகத்தின் சராசரியும் அப்படியே. 12 கி.மீ. தூரத்தைப் போகும்போது மணிக்கு 60, வரும்போது 30 என்றால் சராசரி 45 இல்லை. போக 12 நிமிடம், வர 24 நிமிடம். 36 நிமிடத்தில் 24 கி.மீ., அதாவது மணிக்கு 40. மெதுவாகப் போன நேரம் அதிகம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாயும்.

திட்ட விலக்கத்தைச் சூத்திரம் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வது அபூர்வம். அது எண்கள் நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு என்று புரிந்தால் போதும். 10, 20, 30-உம் 110, 120, 130-உம் ஒரே திட்ட விலக்கம். எல்லா எண்ணையும் 3-ஆல் பெருக்கினால் அதுவும் மூன்று மடங்காகும். 5, 5, 15, 15 என்ற தொகுப்பையும் 5, 10, 10, 15 என்ற தொகுப்பையும் ஒப்பிடச் சொன்னால், இரண்டுக்கும் சராசரி 10, வீச்சும் 10. ஆனால் முதலாவதில் நால்வரும் ஓரத்தில் நிற்கிறார்கள், இரண்டாவதில் இருவர் நடுவிலேயே இருக்கிறார்கள். முதலாவதுதான் பெரிது, ஒரு வர்க்கமூலமும் தேவைப்படவில்லை.

நார்மல் பரவலுக்கு 34, 14, 2 என்ற மூன்று எண்களை ஞாபகம் வையுங்கள். சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் வரை 34%, அடுத்த விலக்கம் வரை 14%, அதற்கு அப்பால் 2%. இடப்பக்கமும் அப்படியே. சராசரி 50, விலக்கம் 10 என்றால் 70-க்கு மேல் இருப்பவர்கள் சுமார் 2%. 50-இலிருந்து 60-க்குப் போவதும் 60-இலிருந்து 70-க்குப் போவதும் அதே 10 தான், ஆனால் தாண்டிப் போகும் கூட்டம் 34-உம் 14-உம். இதையே க்யூசியாக மாற்றிக் கேட்பார்கள்.

நிகழ்தகவில் 'குறைந்தது ஒன்று' என்று வந்தால் எதிர்ப்பக்கத்தைப் பிடியுங்கள். 10 பல்பில் 3 பழுது, இரண்டை எடுத்தால் குறைந்தது ஒன்றாவது பழுதாக இருக்க? இரண்டும் நல்லது என்பது 7/10 × 6/9 = 42/90. ஒன்றிலிருந்து கழித்தால் 48/90, அதாவது 8/15. நேராகப் போட்டால் மூன்று நிலைகளைப் பிரிக்க வேண்டிவரும், ஒன்றை நிச்சயம் மறப்போம். வரிசைமாற்றமா சேர்வா என்ற குழப்பத்துக்கு ஒரே சோதனை: எடுத்தவர்களை இடம் மாற்றி உட்காரவைத்தால் புது விடையா? 8 பேரில் 3 பேர் கொண்ட குழு 56. அதே 8 பேரில் 3 பேரை எடுத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் பதவி தருவது என்றால் 336.

வரைபடக் கேள்வியில் தப்புவது பெரும்பாலும் அச்சையும் அடியில் உள்ள பொடி எழுத்தையும் படிக்காததால்தான். 'ஆயிரத்தில்' என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். ஒரு வருடம் மொத்தம் 500 பேரில் 20%, அடுத்த வருடம் 800 பேரில் 15% என்றால் பங்கு குறைந்தது, ஆள் கூடியது: 100-இலிருந்து 120. கேள்வி பங்கைக் கேட்கிறதா, எண்ணிக்கையைக் கேட்கிறதா? சதவீதத்தில் 5 புள்ளி குறைவு என்பதும் 25% குறைவு என்பதும் இங்கே ஒரே மாற்றத்தின் இரண்டு பெயர்கள், இரண்டுமே விடைப் பட்டியலில் இருக்கும். ஒரே படத்துக்கு அடுத்தடுத்து சில கேள்விகள் வருவதால் முதல் 40 வினாடியைப் படத்தைப் படிப்பதற்கே கொடுங்கள், வீண்போகாது. தோராயமாகக் கேட்டால் தோராயமாகவே போடுங்கள்; 4,987-ஐ 5,000 என்று எடுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

டோல்கேட் வாசி:

எல்லோருக்கும் நன்றி. 'ஆயிரத்தில்' விஷயம்தான் அந்த இரண்டில் ஒன்று, இப்போதுதான் பார்த்தேன்.

இன்னும் மூன்று சந்தேகம். ஏழு வாரத்தை எப்படிப் பிரிப்பது? வடிவியலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வீட்டிலிருந்தே எழுதும் வசதி இருக்கிறதே, அதை எடுக்கலாமா? ஒரே அறைதான், தெருவில் கன்டெய்னர் லாரி ஓடும்.

பகா எண் 2 அக்கா கேட்ட கணக்கு: 12-ஆல் வகுத்தால் மீதி 7 என்றால் எண் 7 என்றே வைத்தேன். 4-ஆல் மீதி 3, 8-ஆல் மீதி 7. எனவே பி.

பதில் 5: தேரடி

வீட்டுத் தேர்வு வேண்டாம். அறைக் கதவு மூடியிருக்க வேண்டும், தேர்வு முடியும்வரை வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. கணக்குக்கு முக்கியமான இன்னொன்று: வீட்டில் சாதாரணத் தாளில் எழுத விடமாட்டார்கள், சின்ன வெள்ளைப் பலகையோ கண்ணாடித் தாள் உறையோதான், அழிக்கும் மார்க்கரால் எழுத வேண்டும். தேர்வு மையத்தில் தாள் தருவார்கள், தீர்ந்தால் கேட்டு வாங்கலாம். கணக்கில் 165 குறிவைப்பவருக்குத் தாள்தான் உயிர்.

மொத்தம் 1 மணி 58 நிமிடம், நடுவில் இடைவேளை கிடையாது. முதலில் 30 நிமிடக் கட்டுரை, அதன் பிறகுதான் மற்றவை. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் கணக்கை மட்டும் தனியாக எழுதிப் பழகாதீர்கள், களைத்த மூளையோடும் போட்டுப் பாருங்கள்.

படிக்க அமைதியான இடம் என்றால் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தில் படிப்பதற்கென்றே பகுதி இருக்கிறது. உங்களுக்கு மெட்ரோ வசதி என்பதால் எழும்பூர் கன்னிமாரா நூலகமும் சுலபம், சென்ட்ரலில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது சத்தத்திலேயே உட்கார்ந்து போடுங்கள். மையத்திலும் பக்கத்து ஆள் கட்டுரைக்கு விசைப்பலகையைத் தட்டு தட்டென்று தட்டுவார்.

பதில் 6: பகா எண் 2

பிரிப்பது இப்படி. முதல் இரண்டு வாரம் பாடத்துக்கு. பாடநூல் கழகத்தின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும். முக்கோணவியலைத் திறக்கவே வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் வரிசைமாற்றம், சேர்வு மட்டும். ஒரு பகுதியைத் தமிழில் பார்த்த அன்றே அதே பகுதியை ஈடிஎஸ் தளத்தில் உள்ள இலவசக் கணக்கு மறுபார்வை ஆவணத்தில் ஆங்கிலத்தில் படியுங்கள். சொல்லும் கருத்தும் சேர்வது அப்போதுதான்.

மூன்று, நான்காம் வாரம் வகைவாரியாக, கடிகாரம் இல்லாமல். ஐந்து, ஆறில் தினம் ஒரு முழுப் பிரிவு: ஒரு நாள் 12 கேள்வி 21 நிமிடம், மறுநாள் 15 கேள்வி 26 நிமிடம். உங்கள் ஒன்றேகால் மணியில் போடுவதற்கு 26 நிமிடம் போனால் மிச்சம் முழுவதும் திருத்துவதற்கு. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் 300 கேள்வி போட்டும் அதே மதிப்பெண்ணில் நிற்பார்கள். இரண்டாவது பவர்பிரெப்பை இப்போது தொடாதீர்கள். ஆறாம் வார ஞாயிறு காலை, நிஜத் தேர்வு நேரத்திலேயே எழுதுங்கள். ஏழாவது வாரம் புதுக் கேள்வி எதுவும் வேண்டாம், பிழை நோட்டு மட்டும்.

அந்த நோட்டில் 'கவனக்குறைவு' என்ற சொல்லை எழுதத் தடை. அதில் எதையும் திருத்த முடியாது. 'குறை எண் போட்டுப் பார்க்கவில்லை', 'உட்பட என்பதை விட்டேன்', 'பங்கைக் கேட்டதற்கு எண்ணிக்கையைக் கொடுத்தேன்' என்று எழுதுங்கள். சரியாக வந்தும் 3 நிமிடம் தின்ற கேள்வியும் நோட்டில் ஏற வேண்டும். மூன்று நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை, விடையைப் பார்க்காமல் திரும்பப் போடுங்கள்.

தேதி குறிக்கும்போது ஒன்று: மறுபடி எழுத வேண்டுமானால் 21 நாள் காத்திருக்க வேண்டும், அதிகாரபூர்வ மதிப்பெண் வர 8 முதல் 10 நாள் ஆகும். கல்லூரியின் கடைசித் தேதியிலிருந்து இந்த இரண்டையும் பின்னோக்கி எண்ணிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

வடிவியல் சின்னதுதான். 3-4-5, 5-12-13, 45-45-90-க்கு 1 : 1 : √2, 30-60-90-க்கு 1 : √3 : 2, சமபக்க முக்கோணப் பரப்பு √3/4 × பக்க வர்க்கம், வட்டத்தின் வில், வட்டக்கோணப் பகுதி, உருளை, கனச்செவ்வகம். இதில் முக்கியம் சூத்திரம் இல்லை, படத்தை நம்பாமல் இருப்பது. வடிவியல் படம் அளவுப்படி வரைந்ததாக இருக்க வேண்டியதில்லை. செங்கோணம் போலத் தெரிவது செங்கோணம் அல்ல, குறி போட்டிருந்தால்தான். க்யூசியில் படம் வந்தால் தாளில் இரண்டு விதமாக நீங்களே கோணலாக வரைந்து பாருங்கள், நிபந்தனை உடையாமல் நீளம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். ஆயத்தொலைத் தளமும் எண்கோடும் புள்ளிவிவர வரைபடமும் மட்டும் அளவுப்படி இருக்கும், அவற்றைக் கண்ணால் அளக்கலாம்.

உங்கள் விடை தப்பு. 7-ஐப் போட்டது சரி, அதோடு நிறுத்தியதுதான் பிழை. அடுத்த எண் 19. 4-ஆல் மீதி 3, 8-ஆல் மீதியும் 3. இங்கே சமம், அங்கே பி பெரிது, எனவே நான்காவது விடை. 4-ஆல் வரும் மீதி மட்டும் ஏன் மாறவில்லை என்றால் 12-ஐ 4 மீதியின்றி வகுக்கும், 12-12 ஆகக் கூட்டிக்கொண்டே போனாலும் மீதி அசையாது. 8 அப்படி வகுக்காது. 6-ஆல் வகுத்தால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள், இந்த முறை எண் போடாமல்.

டோல்கேட் வாசி:

12-ஐ 6 மீதியின்றி வகுக்கும். அதனால் 7-ஐ மட்டும் பார்த்தால் போதும், மீதி எப்போதும் 1. நோட்டில் முதல் வரியாக '7 போட்டேன், 19 போடவில்லை' என்று எழுதிவிட்டேன்.